தேனீக்குப் போக மீதி

நேற்று ராத்திரி எட்டரை மணிக்குப் பதினோரு பெட்டியையும் எடை போட்டு முடித்தேன். புரட்டாசி பிறந்ததும் போடுகிற முதல் எடை. பகலில் போட்டால் கணக்கு தப்பும், பாதித் தேனீ வெளியே போயிருக்கும். இருட்டி, எல்லாம் உள்ளே அடங்கின பிறகு, மூங்கில் முக்காலியைப் பெட்டிக்கு மேலாக நிறுத்தி, கொக்கித் தராசை மாட்டி, பெட்டியைச் சுற்றிக் கட்டின கயிற்றை அதில் கோத்து மெதுவாகத் தூக்க வேண்டும். ஆட்டம் கூடாது. என் மனைவி டார்ச் பிடித்தாள். டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். சிவப்பு தேனீயின் கண்ணுக்குத் தெரியாத நிறம். வெள்ளை வெளிச்சம் அடித்தால் நேரே முகத்துக்கு வந்துவிடும்.

பத்துப் பெட்டிகள் பத்து கிலோவுக்கு மேலே நிற்கின்றன. ஏழாம் பெட்டி மட்டும் 8 கிலோ 900. போன வாரம் 9 கிலோ 400 இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரப் பையன் ஒருவன் வேலூரிலிருந்து வந்தான். தேன் கேட்டான். தை வரைக்கும் இல்லை என்றேன். சமையல் அறை மூலையில் இருக்கும் எவர்சில்வர் டிரம்மைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, அவ்ளோ தேன வெச்சிகினு இல்லன்ற?" என்று கேட்டான். கோபமில்லை, வருத்தம். அவனுக்கு அப்போது நின்றபடி சொன்ன பதில் போதாது என்று தோன்றியது. நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

நான் முப்பத்திரண்டு வருஷம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தவன். 2019-ல் ஓய்வு பெற்றேன். அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். தெற்கே திரும்பினால் ஜவ்வாது மலை. ஒன்றரை ஏக்கரில் தென்னையும் கொஞ்சம் மாவும் இருக்கின்றன. வரப்போரம் வேம்பு, புங்கன். ரோட்டோரம் புளிய மரங்கள். ஓய்வு பெற்ற வருஷம் இரண்டு பெட்டி வாங்கினேன். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குப் போய் வந்தேன். அங்கே, தேனடை கட்டுகிற மரச் சட்டத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இருப்புப் பார்க்கக் கற்றுக்கொண்டது ரேஷன் கடையில். ஆனால் அதைத் தேன் விஷயத்தில் பயன்படுத்த எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது, அதற்குள் ஐந்து பெட்டிகள் போயின.

ரேஷன் கடையில் மாதம் பிறந்தால் முதல் வேலை பதிவேட்டில் ஆரம்ப இருப்பு எழுதுவது. பிறகு வரவு, வழங்கல், கடைசியில் இறுதி இருப்பு. மூட்டையில் ஓட்டை விழுந்து சிந்தினால் சேதாரம் என்று தனியாக எழுத வேண்டும். இருபது தேதிக்கு மேல் கடையில் அரிசி குறைவாக இருக்கும், இன்னும் வராத கார்டுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். முன்னால் வந்து நிற்கிறவர் கேட்கிறார் என்று கூடுதலாகப் போட்டுவிட்டால், இருபத்தெட்டாம் தேதி கூலி வேலை முடித்துக்கொண்டு வருகிற அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் வராதவர் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் வழங்கல் நடக்கும்.

தேனில் வராதவர் யார் என்றால் தேனீதான்.

எங்கள் பக்கத்தில் பூ வருகிற கணக்கைச் சொன்னால் இது புரியும். தை, மாசியில் மா பூக்கும், கொடுக்காய்ப்புளியும் முருங்கையும் பூக்கும். அப்போது கூட்டம் பெருகும், தேன் ரொம்பத் தங்காது, வருவதெல்லாம் புழு வளர்க்கவே சரியாகப் போகும். மாந்தோப்புக்காரர்கள் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிற சமயமும் அதுதான். பக்கத்துத் தோப்பு அண்ணனிடம் மொட்டு விரியும் முன்பே அடித்துவிடுங்கள், தவறினால் சாயங்காலம் அடியுங்கள் என்று வருஷா வருஷம் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், அவரும் கேட்டுக்கொள்கிறார். பங்குனி, சித்திரையில் புங்கனும் வேம்பும். புங்கன் பூத்தால் மரத்தடியில் பூ வெள்ளையும் ஊதாவுமாகப் பாய் விரித்த மாதிரி கிடக்கும், மேலே ரீங்காரம் ரோட்டில் போகிறவருக்குக் கேட்கும். அப்புறம் வைகாசி, ஆனியில் புளி. சின்னப் பூ, மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடும். எங்கள் பக்கத்துக்குப் பெரிய வரவு அதுதான். புளியம்பூத் தேன் கொஞ்சம் கருப்பாக, நாக்கில் லேசான புளிப்போடு இருக்கும். வேம்புத் தேனில் கடைசியில் ஒரு கசப்பு ஒட்டும். கசக்கிறதே என்று கேட்பவர்களுக்கு மரத்தைக் காட்டுவேன்.

ஆடி வந்தால் காற்று. ஆவணியில் அங்கங்கே தும்பை, தென்னம்பாளை, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மழையில் பூ இருந்தாலும் தேனீ வெளியே போக முடியாது, போனாலும் மதுவில் தண்ணீர்தான் இருக்கும். ஆக, ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் ஆறு மாதம் அது உட்கார்ந்து சாப்பிடுகிற காலம். தேன் என்று நாம் சொல்வது அந்த ஆறு மாதத்துக்கு அது சேர்த்து வைத்த கையிருப்பு.

2021-ல் எனக்கு ஒன்பது பெட்டிகள் இருந்தன. அந்த மே மாதம் இரண்டாம் அலை. ஊரடங்கு. கபசுரக் குடிநீருக்கும் இஞ்சிச் சாற்றுக்கும் தேன் வேண்டும் என்று போன் மேல் போன். தெரிந்தவர், தெரியாதவர், பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் தங்கள் அம்மா அப்பாவுக்காகக் கேட்டார்கள். மறுக்க மனசு வரவில்லை. விலையும் நன்றாகக் கிடைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனியில் எடுக்க வேண்டிய தேனை எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆவணியில் இன்னும் கேட்டார்கள் என்று புழு அறையைத் திறந்தேன்.

பெட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நான் வைத்திருப்பது நம் ஊர் அடுக்குத் தேனீ, நியூட்டன் பெட்டி. நூறு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் நம் தேனீயின் உடம்புக்கு ஏற்ற அளவில் செய்த பெட்டி. கீழே புழு அறை, மேலே தேன் அறை. ராணி கீழே முட்டை வைக்கும். மேலே இருக்கிற குட்டைச் சட்டங்களில் தேன் மட்டும் சேரும். அதை எடுத்துச் சுற்றி, காலி அடையைத் திருப்பி வைத்துவிடலாம். ஆனால் கீழேயும் தேன் இருக்கும். ஒவ்வொரு புழுச் சட்டத்திலும் மேல் விளிம்பில், வளைவாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அதற்குக் கீழே மகரந்தம், அதற்கும் கீழே முட்டையும் புழுவும். பக்கத்திலேயே தீனியை வைத்துக்கொண்டு குழந்தை வளர்க்கிற ஏற்பாடு. அந்தப் பட்டையைத்தான் நான் கத்தியால் வழித்தேன். ஒன்பது பெட்டியிலும் சேர்த்து ஆறு கிலோ வந்தது.

அந்த நவம்பர் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. நாள் கணக்கில் மழை. பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. பாலாற்றில் தண்ணீர் பார்க்கவே கொடுத்து வைக்க வேண்டும் என்று இருந்த ஜனங்கள் பாலத்தில் நின்று பார்த்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறக்கவில்லை, மழையில் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

வெயில் அடித்த முதல் நாள் மூன்றாம் பெட்டியைத் திறந்தேன். சத்தமே இல்லை. சட்டத்தைத் தூக்கினால் பஞ்சு மாதிரி வந்தது, கையில் கனமே இல்லை. அடை முழுக்கத் தேனீ இருந்தது, ஆனால் தலையைக் காணோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறைக்குள் தலையை நுழைத்து, வால் பக்கம் மட்டும் வெளியே தெரிய, அப்படியே செத்திருந்தன. அறையின் அடியில் கடைசித் துளி இருக்கிறதா என்று நக்கப் போனவை. நடுவில் ஒரு கையளவு இடத்தில் ராணியைச் சுற்றி நெருக்கமாக ஒட்டிக் கிடந்தன. ராணியும் போயிருந்தது. ஒரு குச்சியால் ஒரு தேனீயை வெளியே இழுத்துப் பார்த்தேன். வயிறு ஒட்டி, காகிதம் போல இருந்தது. அறையின் அடி பளபளவென்று துடைத்து வைத்த மாதிரி.

அப்படி இரண்டு பெட்டிகள். இன்னும் மூன்றில் தேனீயே இல்லை. நம் அடுக்குத் தேனீ கையிருப்பு தீர்ந்து போகும் என்று தெரிந்தால் உயிரோடு இருக்கும்போதே பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும். முதலில் மகரந்தம் வருவது நிற்கும், ராணி முட்டை வைப்பதைக் குறைக்கும், ஒரு நாள் மழை விட்ட நேரமாகப் பார்த்து மொத்தமும் பறந்து போகும். மழைக்கு நடுவே போனவை எங்கே போய்ப் பிழைத்திருக்கும்? காலியான அடையில் மெழுகுப் பூச்சி நூலாம்படை கட்டியிருந்தது. ஆறு கிலோ தேனுக்கு ஐந்து குடும்பம்.

அந்த வாரம் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். சாமையும் புளியும் கொண்டுவருவார், பாறைத் தேனும் எடுப்பவர். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாங்க பொந்துல எடுத்தா புள்ள இருக்கிற ராட்டுல கை வெக்க மாட்டோம் சார். தேன் ராட்டுலயும் ஒண்ணு வுட்டுட்டுத்தான் வருவோம்" என்றார். ராட்டு என்று அவர் சொல்வது அடையை. திட்டவில்லை, சாமையை அளந்துகொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நோட்டு போட்டேன். நீள நோட்டு, ரேஷன் கடைப் பதிவேட்டு மாதிரியே கோடு கிழித்தேன். முதல் பக்கத்தில் பெட்டி எண்ணும் எடையும் மட்டும். தேன் அறை இல்லாமல், அடை கட்டின சட்டங்களோடு, தேனீயோ தேனோ இல்லாத என் பெட்டி ஆறு கிலோ வருகிறது. நல்ல கூட்டத்தில் தேனீ ஒரு கிலோ, புழுவும் மகரந்தமும் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே இருப்பதுதான் அதன் தீனி. புரட்டாசி ஒன்றாம் தேதி ஒரு பெட்டி பத்து கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது நாலு வருஷ எடையைப் பார்த்து நானாக வைத்துக்கொண்ட அளவு. வேறு மரத்தில், வேறு கனத்தில் பெட்டி செய்தவர்கள் தங்கள் காலிப் பெட்டியை முதலில் எடை போட்டுக்கொள்ள வேண்டும். தராசு இல்லாதவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தாலே பழகப் பழகத் தெரியும்.

அடை எடுப்பதிலும் கணக்கு மாறியது. தேன் அறையில் மட்டும்தான் கை வைப்பேன். அதிலும் முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடி போட்ட சட்டத்தைத்தான் எடுப்பேன். தேனீ தேனைச் சிறகால் விசிறித் தண்ணீரை வற்றவைக்கும், பக்குவம் வந்த பிறகுதான் மூடி போடும். மூடாத அறையில் இருப்பது இன்னும் அரை வேக்காடு. இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020-ல் ஆனிக் கடைசியில் ஒரு மழை பெய்தது, அவசரப்பட்டுப் பாதி மூடின சட்டங்களையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். ஆவணியில் காட்பாடியிலிருந்து ஒரு டீச்சரம்மா பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூடியைத் திருகினதும் புஸ்ஸென்று சத்தம். மேலே ஒரு விரல்கடை நுரை, கள்ளு வாடை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "நீங்களே மோந்து பாருங்கண்ணா" என்று நீட்டினார். அந்த ஈட்டில் கொடுத்த பன்னிரண்டு பாட்டிலையும் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தேனைத் தேனீக்கும் வைக்க முடியாது, புளித்த தேன் அதன் வயிற்றுக்கு ஆகாது.

இப்போது ஈரம் பார்க்கிற கையடக்க மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் கோடு தெரியும். உணவுப் பாதுகாப்பு விதியில் 20 சதத்துக்கு மேல் ஈரம் கூடாது. நான் சித்திரையில் எடுக்கிற தேன் 18, 19 காட்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு. ஆனித் தேன் 20-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதனால் ஆனித் தேனை முதலில் கொடுத்துத் தீர்ப்பேன், சித்திரைத் தேனைத்தான் இருப்பு வைப்பேன். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சரியாக ஒரு லிட்டர் பிடிக்கிற பாத்திரத்தில் நல்ல தேன் சுமார் 1.4 கிலோ நிற்கும். அதைவிட நன்றாகக் குறைந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

எடுக்கிற நாளில் வீடே ஒரு மாதிரி ஆகிவிடும். தேனீ அடங்குகிற நேரத்தில் சட்டங்களை எடுத்து வந்து கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். ஒரு தேனீ மோப்பம் பிடித்தால் போதும், அது போய்ச் சொல்லி நூறு வரும், அப்புறம் பெட்டிக்குப் பெட்டி கொள்ளை ஆரம்பித்துவிடும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து மெழுகு மூடியைச் சீவுவது என் மனைவியின் வேலை. எனக்கு அவ்வளவு மெல்லிசாக வராது, அடையோடு பெயர்ந்துவிடும். அவள் சீவினால் மூடி ஒரே சுருளாக, தோசை ஓரம் மாதிரி கழன்று வரும். நாலு சட்டம் போடுகிற கை மெஷின். முதலில் மெதுவாகச் சுற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் புது அடை உடைந்துவிடும். டிரம்மின் உள்சுவரில் தேன் சடசடவென்று தெறிக்கிற சத்தம் மழை ஆரம்பிக்கிற மாதிரியே இருக்கும். வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி மூன்று நாள் அசையாமல் வைப்போம். நுரையும் மெழுகுத் துணுக்கும் மேலே மிதக்கும், வழித்துவிட்டுக் கீழ்க் குழாயில் பிடிப்போம். காய்ச்சுவது கிடையாது.

காலி அடையை அந்த ராத்திரியே பெட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீ ஆறேழு கிலோ தேனாவது சாப்பிட வேண்டும் என்பார்கள். பிழிந்து எடுக்கிற பழைய முறையில் நாம் இழப்பது அடையை மட்டும் இல்லை.

இந்த வருஷத்துக் கணக்கைச் சொல்கிறேன். மாசிக் கடைசியில் 7.4 கிலோ, சித்திரையில் 19.8, ஆனியில் 16.3. மொத்தம் 43 கிலோ 500. பெட்டிக்குக் கிட்டத்தட்ட நாலு கிலோ. இத்தாலியத் தேனீ வைத்து ஊர் ஊராகப் பெட்டியை லாரியில் கொண்டுபோகிறவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் என்பார்கள். ஒரே இடத்தில் வைத்திருக்கிற அடுக்குத் தேனீக்கு, இந்த வெயிலில், இது எனக்குத் திருப்திதான்.

இதில் வடிகட்டல், நுரை, பாத்திரத்தில் ஒட்டியது எல்லாம் சேர்த்துச் சேதாரம் 900 கிராம். வீட்டுக்கு ஆறு கிலோ. பெண் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும், கோயில் அபிஷேகத்துக்கும், புங்க மரத்துக்குச் சொந்தக்காரரான பக்கத்து நிலத்துப் பெரியவருக்கும் 3 கிலோ 600. அவர் மரத்தில்தானே மேய்கிறது, அவருக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை. வருஷா வருஷம் வாங்குகிற இருபத்து நாலு வீடுகளுக்கு வீட்டுக்கு ஒரு கிலோ. புதிதாகக் கேட்டு வந்தவர்களுக்கு நாலு கிலோ. மீதி ஐந்து கிலோ அந்த டிரம்மில் இருக்கிறது. அதைத்தான் அந்தப் பையன் பார்த்தான்.

அந்த ஐந்து கிலோ மழைக்காலத்தில் இருமலுக்கு, மருந்து உரைத்துக் கொடுக்க என்று ராத்திரி வேளையில் கதவைத் தட்டுகிறவர்களுக்கு. ஊரில் யாராவது வருவார்கள், ஒரு சின்னக் கிண்ணம் போதும் என்பார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. தையில் மாம்பூ பார்த்த பிறகு மிச்சம் இருந்தால் விற்பேன். ஒரு விஷயத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று கேட்டு வருவார்கள். எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் அதில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது, ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும், உடம்பு தளர்ந்து மூச்சே நின்றுபோகக்கூடும். "எங்க அம்மா எனக்கு வெச்சாங்களே" என்பார்கள். எனக்கும் வைத்தார்கள்தான். முதல் பிறந்தநாளுக்கு வாங்க, நானே பாட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்புவேன். இரண்டு வீட்டுக்கு அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தும் இருக்கிறேன்.

டிரம்மைத் தவிர ஃபிரிஜ்ஜிலும் ஒன்று இருக்கிறது. ஆனியில் எடுத்தபோது பதினாலு சட்டத்தைச் சுற்றாமல் அப்படியே நிறுத்திவைத்தேன். முழுக்க மூடின சட்டம், ஒவ்வொன்றிலும் 200, 250 கிராம் தேன் இருக்கும். செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு நாள் ஃபிரீசரில் வைத்தால் மெழுகுப் பூச்சி முட்டை செத்துவிடும். அதற்குப் பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மீன் வைக்க இடமில்லை என்று ஆடி மாதம் முழுக்க என் மனைவி சொன்னாள். சொன்னாளே தவிர ஒரு சட்டத்தையும் வெளியே எடுக்கவில்லை. இந்தப் பதினாலும் விற்பனைக் கணக்கில் வரவே வராது. நோட்டில் முதல் பக்கத்தில், பெட்டி எடைக்குப் பக்கத்தில், தேனீ இருப்பு என்று எழுதியிருக்கிறேன்.

சர்க்கரைப் பாகு வைக்கலாமே, எதற்கு நல்ல தேனை நிறுத்துகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. பாகும் வைப்பேன். கொட்டாங்குச்சியில், இரண்டு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர், தேனீ மூழ்காமல் நிற்க நாலு ஈர்க்குச்சி, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள்ளே. வெல்லம் கூடாது, கழிச்சல் வரும். ஆனால் பாகு பஞ்சம் பிழைக்கிற கஞ்சி மாதிரி. அதன் சொந்தத் தேனும் மகரந்தமும் சாப்பிட்டு மழைக்காலம் கழித்த பெட்டி தையில் எப்படிப் பெருகுகிறது, பாகில் கழித்த பெட்டி எப்படிப் பெருகுகிறது என்று நோட்டில் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. கடைத் தேனை வாங்கி வைப்பதும் கூடவே கூடாது. எங்கிருந்தோ வந்த தேனில் நோய் வரும். 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் என்று தாய்லாந்துப் பேரைக் கொண்ட வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயைத் துடைத்துப் போட்டது. புழு பையில் தண்ணீர் நிரம்பின மாதிரி செத்துப்போகும். அந்தக் காலத்தில் பெட்டி வைத்திருந்தவர்களைக் கேட்டால் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார்கள்.

பாகு வைப்பது என்றால் தேன் அறையைத் தூக்கிய பிறகுதான். இதில் நான் யாருக்கும் இறங்கி வருவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மொத்த வியாபாரி வந்தார். தேன் அறை இருக்கும்போதே தினம் பாகு வையுங்கள், மூடி போட்டதும் நான் எடுத்துக்கொள்கிறேன், நூறு கிலோ ஆனாலும் வாங்குகிறேன் என்றார். பெட்டியிலிருந்து வருவதால் அது தேன்தானே என்பது அவர் வாதம். தேனீ வாய் வழியே போய் வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். இருபத்து நாலு வீட்டுக்காரர்கள் என்னை நம்பி டப்பா அனுப்புகிறார்கள். ரேஷன் கடையில் எடைக்கல்லில் கை வைக்காமல் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினேன், தேனில் வைக்க மாட்டேன் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏழாம் பெட்டி ஏன் இறங்கியது என்று இன்று காலையில் திறந்து பார்த்தேன். நோய் இல்லை, புழு முத்து மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மேல் பட்டை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் குறைந்துவிட்டது. ஆவணியில் ராணி மாறின பெட்டி அது. புது ராணி நிற்காமல் முட்டை வைக்கிறது, வாய் அதிகம், வரவு இல்லை. நல்ல ராணிதான், காலம்தான் தப்பு.

சாயங்காலம் டப்பாவிலிருந்து மூன்று சட்டம் எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தேன். குளிர்ச்சி போக வேண்டும். மெழுகு மூடியை முள்கரண்டியால் இரண்டு கோடு கீறினேன், வாசனை பிடித்தால்தான் கீழே இறக்கிக்கொள்ளும். தேன் அறையைப் புழு அறைக்கு மேல் வைத்து, நடுவில் மூன்று சட்டத்தையும் இறக்கி, இரு பக்கமும் காலி இடத்தில் சாக்கை மடித்து வைத்தேன். வாயிலில் கட்டையைத் தள்ளி இரண்டு தேனீ போகிற அளவுக்குக் குறைத்தேன். எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன். மூடியைப் போடும் முன் பார்த்தேன். நாலைந்து தேனீ மேலே ஏறி வந்து, கீறின கோட்டில் நாக்கை வைத்து வரிசையாக நின்றுவிட்டன.

நோட்டில் எழுதியாகிவிட்டது: ஏழாம் பெட்டிக்கு வழங்கல் 3 சட்டம், இருப்பு 11 சட்டம். அடுத்த எடை வரும் சனிக்கிழமை. அந்தப் பையனுக்குப் போன் பண்ணித் தை கழித்து வரச் சொல்ல வேண்டும், அவன் பேரில் ஒரு கிலோ இப்போதே குறித்து வைத்துவிட்டேன்.